அண்ணனின் கருப்புப் பெட்டியைத் திறக்கலாமா? படையில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்கள் சொல்லுங்கள்

தும்பைப்பூ (திருமங்கலம்)

வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் அண்ணன் ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்தான். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடியில், அருணாச்சலப் பிரதேசத்தில் மழைக்கு மலைச்சாலை சரிந்து அவன் போன வண்டி பள்ளத்தில் விழுந்துவிட்டது. சண்டை எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் துட்டி கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் முதலில் கேட்டது "சண்டையிலயா, ஆக்சிடெண்டா?" என்றுதான். ஆக்சிடெண்ட் என்றதும் சிலர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

செய்தி முதலில் சித்தப்பாவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்தவர் ஒன்றும் பேசாமல் டிவிக்குப் பின்னால் கையை விட்டு கேபிள் வயரைப் பிடுங்கினார். சார்ஜ் போடுவதாகச் சொல்லி மதினியின் செல்லை வாங்கி வைத்துக்கொண்டார். "லேசா அடிபட்டிருக்காம், ஆஸ்பத்திரியில இருக்கான்" என்றார். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, மதினிக்கு மட்டும் தெரியாது. சாயங்காலம் பந்தல்காரர் தெருமுனையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கினார். அதைப் பார்த்துத்தான் மதினிக்குப் புரிந்தது. யாரும் வாய் திறந்து சொல்லவே இல்லை.

உடல் வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் வீடு எங்கள் வீடாக இல்லை. கலெக்டர், போலீஸ், கட்சிக்காரர்கள், கேமரா, ஃபிளெக்ஸ். அண்ணன் மகனுக்கு அப்போது நான்கு வயது. "அப்பாவுக்கு ஒரு சல்யூட் அடிடா" என்று யாரோ சொல்லி, அவன் அடித்ததை எல்லோரும் செல்லில் எடுத்தார்கள். எங்கள் சாதிசனத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. மதினி போனார். கொடியை வாங்க ஆள் வேண்டுமே என்று கூட்டிப் போனார்கள். மரியாதைக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள், பிகிள் ஊதினார்கள், கொடியை மடித்து மதினி கையில் கொடுத்தார்கள். அப்புறம் "நீங்க கிளம்புங்கம்மா" என்று காரில் ஏற்றிவிட்டார்கள். தீ வைப்பதைப் பார்க்க விடவில்லை.

பதினாறு முடிந்ததும் கூட்டம் காலி. இரண்டு மாதம் கழித்து அண்ணனின் பெட்டி வந்தது. கருப்புப் பெயிண்ட் அடித்த ட்ரங்க் பெட்டி, மேலே வெள்ளையில் நம்பரும் பெயரும். அம்மா அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் பூட்டை மாற்றிவிட்டாள். இன்றுவரை யாரும் திறக்கவில்லை.

இப்போது மதினிக்கு விருதுநகரில் வேலை கிடைத்துப் பையனோடு அங்கே போய்விட்டார். அவன் அப்பாவின் சாமான் ஏதாவது வேண்டும் என்று கேட்கிறார். அம்மா, "தொறந்தா அவன் செத்துட்டான்னு ஆயிரும்" என்கிறாள். அம்மா வேறு எதுவும் பேசுவதில்லை. ஒரே ஒரு கேள்விதான், அண்ணனின் கூட்டாளிகள் யார் போன் செய்தாலும் கேட்பாள்: "அன்னைக்கு சாப்பிட்டானாய்யா?" கடைசி லீவு முடிந்து கிளம்பும்போது நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிட்டாள். "அதையாவது தொட்டுக்கிட்டானா?" யாருக்கும் பதில் தெரியாது.

அம்மாவைக் கட்டாயப்படுத்தலாமா? உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

ஓய்வு ஹவில்தார் (குன்னூர்)

தங்கச்சி, நான் மதராஸ் ரெஜிமெண்டில் 22 வருடம் இருந்தவன். மூன்று தடவை உடலோடு எஸ்கார்ட்டாக வந்திருக்கிறேன். வீட்டுப் பக்கத்துக் கதையை நீ சொல்லிவிட்டாய், சவப்பெட்டியோடு வருகிறவன் பக்கத்தை நான் சொல்கிறேன்.

எஸ்கார்ட் போகிறவன் பெட்டியை விட்டு நகரக்கூடாது. விமானத்தில் ஏற்ற எம்பாமிங் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், போலீஸ் தடையில்லாச் சான்று எல்லாம் கையில் இருக்க வேண்டும். சரக்குக் கூடத்தில் பெட்டி பக்கத்திலேயே இரவு முழுக்க உட்கார்ந்திருந்திருக்கிறேன். மதுரையில் இறங்கி ஊருக்குள் வண்டி நுழையும்போதுதான் கை நடுங்கும். ஏனென்றால் அந்த வீட்டில் யாரை எப்படிப் பார்ப்பது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை.

ஒரு தடவை, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், முகத்தைக் காட்ட முடியாத நிலை. திறக்க வேண்டாம் என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தத் தாய் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள இருக்கறது எம்பிள்ளதானான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நான் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுக் கால் பக்கத்தை மட்டும் திறந்தேன். வலது கால் பெருவிரலில் சின்ன வயதில் அரிவாள்மனையில் வெட்டிய தழும்பு இருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அந்த அம்மா வாய்விட்டு அழுதார். நான் செய்தது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். பார்க்காத உடலுக்கு அழ முடியாது.

1999 கார்கிலுக்கு முன்னால் பெரும்பாலும் உடலே வீட்டுக்கு வராது என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. போர்முனைக்குப் பக்கத்திலேயே எரித்துவிடுவார்கள், புதைத்துவிடுவார்கள். கார்கிலில்தான் அத்தனை பெட்டிகளும் ஊர் ஊராக வந்தன. அதிலும் திருச்சி மேஜர் சரவணன் கார்கில் போரில் பட்டாலிக் மலைப்பகுதியில் மே 29-ம் தேதி இறந்தார். உடலை மலையிலிருந்து மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. 2016 பிப்ரவரி 3-ம் தேதி சியாச்சினில் பனிச்சரிவு வந்து மதராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியன் ஆட்கள் பத்துப்பேர் சோனம் போஸ்ட்டில் புதைந்தார்கள். நான்கு பேர் நம் தமிழ்நாட்டுப் பையன்கள். வானிலை இடம் கொடுக்காமல் ஹெலிகாப்டர் ஏற முடியாது, பத்து நாளுக்கு மேல் இங்கே ஊரில் பந்தல் போட்டுக் காத்திருந்தார்கள். அவர்களைக் கொன்றது பனிதான். அதற்காக அது குறைந்த சாவா? உன் அண்ணன் சாவையும் யாரும் குறைத்துப் பேச விடாதே. மழையில் அந்த ரோட்டில் வண்டி போவது அங்கே இருக்கிறவனுக்குச் சாப்பாடும் சரக்கும் போய்ச் சேரத்தான்.

உன் அண்ணனின் ட்ரங்க் பெட்டி விஷயம் பிறகு எழுதுகிறேன். அந்த மாதிரிப் பெட்டிகளை நானே அடுக்கியிருக்கிறேன்.

வேலூர் மண்

எங்கள் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வீடு படையில் ஆள் உண்டு. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் முதல் உலகப் போருக்குப் போனவர்கள் எத்தனை பேர், திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்று கல்லில் வெட்டியிருக்கும். பெயர் கிடையாது, எண்ணிக்கை மட்டும்தான். சின்ன வயதில் அதன் அடியில் நின்று பட்டாணி சாப்பிட்டிருக்கிறேன். இப்போது அந்தப் பக்கம் போனால் மேலே பார்க்காமல் போக முடிவதில்லை.

என் தாத்தா 1971 போரில் போனவர். வந்தது தந்தி மட்டும். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தபால்காரரே வாசித்துக் காட்டினாராம். அதன் பிறகு மணியார்டர் நின்றது. அதுதான் அவருக்கு நிஜமான தந்தி என்று பாட்டி சொல்வார். உடல் இல்லாததால் தாத்தாவின் வேட்டி சட்டையை வைத்துக் காரியம் செய்தார்கள். சாகும்வரை பாட்டி ராத்திரியில் முன்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதில்லை. ஏன் பாட்டி என்றால், "அவரு லேட்டா வந்தா எழுப்ப சங்கடப்படுவாரு" என்பார். 1971-ல் போனவர், 2009 வரை அந்தக் கதவு திறந்தே இருந்தது.

தாத்தாவின் ட்ரங்க் பெட்டியில் பிறகு பாட்டி அரிசி போட்டு வைத்திருந்தார். இப்போது என்னிடம் இருக்கிறது. தும்பைப்பூ, உங்கள் அம்மாவுக்கு இரண்டு வருடம்தானே ஆகிறது. விட்டுவிடுங்கள்.

கார்முகில்

எல்லோரும் மன்னிக்கவும், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். அரசு மரியாதை, கூட்டம் எல்லாம் வெறும் கூத்து என்பதுபோல் முதல் பதிவில் தொனிக்கிறது. என் மாமா மகன் மத்திய ரிசர்வ் போலீஸில் இறந்தான். 12 கிலோமீட்டருக்கு ரோட்டின் இரண்டு பக்கமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பூவோடு நின்றார்கள். என் மாமா கூலி வேலை செய்தவர், வாழ்நாளில் யாரும் அவருக்கு எழுந்து நின்றதில்லை. அன்றைக்கு மாவட்டமே எழுந்து நின்றது. "எம்மவன் எனக்கு இதைக் குடுத்துட்டுப் போயிருக்கான்" என்று இன்றும் சொல்கிறார். 2021 டிசம்பரில் குன்னூர் பக்கம் முப்படைத் தலைமைத் தளபதி போன ஹெலிகாப்டர் விழுந்தபோது நஞ்சப்பசத்திரத்து ஜனங்கள் வீட்டிலிருந்த கம்பளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்களே, அவர்களை யாரும் கேமராவுக்காகக் கூப்பிடவில்லை. முன்பின் தெரியாதவர்கள் அழுவதும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பிடிமானம்தான்.

தும்பைப்பூ (திருமங்கலம்)

கார்முகில், நீங்கள் சொல்வது புரிகிறது. பூவோடு நின்ற பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. என் அப்பாவும் அந்த பிகிள் சத்தத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு வருத்தம் என்னவென்றால், மதினி அந்த நான்கு நாளில் ஒருதடவைகூடத் தனியாக இருக்கவில்லை. அழுதால் "வீரன் பொண்டாட்டி அழக்கூடாது" என்றார்கள். அம்மாவிடம் மைக்கை நீட்டி, "இன்னொரு மகன் இருந்தா அவனையும் அனுப்புவீங்களா?" என்று கேட்டார்கள். அம்மா பதில் சொல்லாமல் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். மறுநாள் செய்தியில் அம்மா பெருமையோடு "அனுப்புவேன்" என்று சொன்னதாக வந்தது. அவள் சொல்லவே இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தால் துக்கம் கொஞ்சம் இறங்கும். அன்றைக்கு ஒப்பாரியைக்கூட "அதிகாரிங்க வந்திருக்காங்க, சத்தம் போடாதீங்க" என்று அடக்கிவிட்டார்கள்.

கலா டீச்சர்

தும்பைப்பூ, உங்கள் மதினியை நினைத்துத்தான் எழுதுகிறேன். அவருடைய இடத்தில் நான் இருந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் 2003-ல் காஷ்மீரில் இறந்தார். எனக்கு 24 வயது, கையில் எட்டு மாதக் குழந்தை.

ராணுவம் எங்களை "வீர நாரி", அதாவது வீரப் பெண், என்று அழைக்கிறது. வருடா வருடம் ஆகஸ்ட் 15, ஜனவரி 26, டிசம்பர் 7 கொடி நாள் என்று கூப்பிடுவார்கள். மேடையில் பொன்னாடை போர்த்துவார்கள். அதே மாதம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் மணவறைப் பக்கம் வராதே என்று பின்வரிசையில் உட்கார வைப்பார்கள். என் தங்கையின் வளைகாப்பில் ஒரு வளையல் போட எனக்கு அனுமதி இல்லை. ஊர் என்னைக் கும்பிடவும் செய்தது, எதிரே வந்தால் ஒதுங்கிப் போகவும் செய்தது. முதல் பத்து வருடம் எனக்கு அதுதான் பெரிய வலி. அவர் இறந்த வலியைக்கூட அதற்குப் பிறகுதான் என்னால் உட்கார்ந்து யோசிக்க முடிந்தது.

பதினாறாம் நாள் பூவும் வளையலும் கழற்றிய கதை உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். என்னை அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பி நடத்தினார்கள். முந்தின வாரம் கலெக்டர் முன்னால் என்னை நிறுத்திக் கொடி கொடுத்த அதே முற்றத்தில்தான் அதுவும் நடந்தது. இப்போது எங்கள் ஊரில் சில வீடுகளில் இதைச் செய்வதில்லை. போன வருடம் ஒரு பெண்ணுக்குச் செய்ய வந்தபோது நானே போய் வாசலில் நின்றுகொண்டேன்.

அப்புறம் கொழுந்தன் பேச்சு. "பணம் வீட்டை விட்டுப் போகக்கூடாது, தம்பியையே கட்டிக்கோ" என்றார்கள். வீரதீர விருது பெற்றவரின் மனைவி மறுமணம் செய்தால், இறந்தவரின் சகோதரனைக் கட்டினால்தான் விருதுக்கான மாதத்தொகை தொடரும் என்று ஒரு விதியே இருந்தது. 2017 நவம்பரில்தான் அதை எடுத்தார்கள். என் கணவருக்கு விருது இல்லை, ஆனால் "கவர்மெண்டே அப்படித்தான் சொல்லுது" என்று அந்த விதியை வைத்து என்னை மிரட்டினார்கள். நான் சம்மதிக்கவில்லை. பி.எட். முடித்தேன், வேலைக்கு வந்தேன்.

ஒரு விஷயம் உங்கள் அம்மாவுக்காகவும் சொல்கிறேன். என் மாமியாரும் நானும் ஆறு வருடம் பேசிக்கொள்ளவில்லை. பணத்தால்தான் என்று ஊர் சொல்லியது. பணம் கொஞ்சம் காரணம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடியில் வேறு ஒன்று இருந்தது. அவர் துக்கம் பெரிதா, என் துக்கம் பெரிதா என்று இரண்டு பேரும் மனதுக்குள் அளந்துகொண்டே இருந்தோம். கொடி என் கையில் இருந்தது. அதைத் தன் வீட்டில் ஒரு நாளாவது வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கேட்க மனமில்லை. எனக்கும் கொடுக்கத் தோன்றவில்லை. அவர் படுத்த படுக்கையானபோது கொண்டுபோய் மடியில் வைத்தேன். அது ஆறு வருடம் தாமதம்.

மதினியை வெறும் கையோடு அனுப்பிவிடாதீர்கள்.

தாம்பரத்தான்

டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

எங்கள் ஊர் விமானப்படைத் தளத்திலிருந்து 2016 ஜூலை 22 காலையில் போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 விமானம் நினைவிருக்கும். 29 பேர். வங்காள விரிகுடாவுக்கு மேலே போனதும் காணவில்லை. தேடினார்கள், ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. செப்டம்பரில் எல்லோரும் இறந்ததாகக் கொள்ளப்படுவதாகக் கடிதம் போனது. "கொள்ளப்படுகிறது" என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வீடு என்ன செய்யும்? பொட்டை எடுப்பதா, வைப்பதா? திதி எந்த நாளில் கொடுப்பது? உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரிக்கும் முறை உண்டு என்று சாஸ்திரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆனால் அந்தத் தர்ப்பைக்குத் தீ வைக்க ஒரு தகப்பனுக்குக் கை வர வேண்டுமே. ஏதோ ஒரு தீவில் இருப்பான், ஞாபகம் தப்பியிருக்கும் என்று நம்பத்தான் மனசு போகும்.

2024 ஜனவரியில், சென்னையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் அந்த விமானத்தின் சிதைவுகளைப் படம் எடுத்தது. ஏழரை வருடம். எனக்குத் தெரிந்த ஒரு விமானப்படைக் குடும்பத்து அம்மா அந்தச் செய்தி வந்த அன்று சொன்னார்: "இனிமே கடலைப் பார்த்தா கும்பிடலாம்." அதுவரை மெரினா பக்கம் போகவே மாட்டாராம்.

உங்கள் வீட்டில் ஒரு பெட்டியாவது வந்திருக்கிறது என்று சொல்ல வந்தேன். சொல்வது சரியா என்று தெரியவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நல்லூரான் மகன்

இந்த இழையில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் அப்பா 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இறந்தார், இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப்படையில். தஞ்சாவூர் பக்கத்துக்காரர். எனக்கு அப்போது ஆறு வயது.

எங்கள் தெருவிலேயே அந்தப் படைக்கு எதிராகப் போஸ்டர் ஒட்டியிருந்தது. அப்பா எங்கே இறந்தார் என்று யாராவது கேட்டால் அம்மா "மிலிட்டரில" என்று மட்டும் சொல்வார், இடம் சொல்ல மாட்டார். எனக்கும் பள்ளிக்கூடத்தில் அப்படியே சொல்லச் சொல்லிக் கொடுத்தார். அப்பா போனது தமிழ் பேசுகிற ஊர், அங்கே அதே வாரங்களில் செத்ததும் தமிழ் பேசுகிற ஜனங்கள். அந்த வீடுகளிலும் இதே அழுகைதான் என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால் தன் அழுகையைச் சத்தமாக அழவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. 1990 மார்ச்சில் கடைசிப் படையினர் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதல்வர் வரவேற்கப் போகவில்லை. அது அரசியல், இங்கே அதைப் பேச வேண்டாம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறந்தார்கள், அவர்கள் வீடுகள் எல்லாம் இப்படி வாயை மூடிக்கொண்டுதான் அழுதிருக்கும் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

2019 பிப்ரவரியில் டெல்லியில் தேசியப் போர் நினைவுச்சின்னம் திறந்தார்கள். திறந்தபோது 25,942 பெயர்கள் கல்லில் இருந்தன, இலங்கையில் இறந்தவர்களும் சேர்த்து. இரண்டு வருடம் கழித்து அம்மாவைக் கூட்டிப்போனேன். பெயரைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. அம்மா கைப்பையிலிருந்து கர்ச்சீப் எடுத்து அந்த வரியை மட்டும் துடைத்தார். மேலே கீழே இருந்த பெயர்களையும் துடைத்துவிட்டார், "பக்கத்துல இருக்கறவங்க" என்று சொல்லி. திரும்பி வரும்போது ரயிலில், எதிர் சீட்டில் இருந்த யாரோ ஒரு பெண்ணிடம், 34 வருடத்தில் முதல் தடவையாக, "எங்க வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துல இறந்தார்" என்று சொன்னார்.

ஓய்வு ஹவில்தார் (குன்னூர்)

சரி தங்கச்சி, பெட்டி பற்றி.

ஒருவன் இறந்ததும் அவனுடைய படுக்கை, பெட்டி எல்லாவற்றையும் சீல் வைத்துவிடுவார்கள். பிறகு ஓர் அதிகாரியும் இரண்டு மூன்று பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு சாமானாகப் பட்டியல் எழுதுவார்கள். அரசாங்கச் சாமான் ஸ்டோருக்குப் போகும், சொந்தச் சாமான் வீட்டுக்கு வரும். ரத்தம் பட்ட துணியை அனுப்புவதில்லை. பட்டியல் எழுதும்போது யாரும் பேச மாட்டோம். ஒருவன் பொருளைத் தூக்கிக் காட்டுவான், கிளார்க் எழுதுவார். அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன்தான் அந்த வேலையைச் செய்வான், அதனால் துணியை மடிக்கிற விதத்திலேயே மரியாதை இருக்கும். அந்தப் பட்டியலின் நகல் உங்கள் வீட்டுக்கு வந்த காகிதங்களில் இருக்கும், பெரும்பாலும் இந்தியில். பெட்டியைத் திறக்க வேண்டாம். முதலில் அந்தக் காகிதத்தைத் தேடு. படம் எடுத்துப் போடு, நம்பரை மறைத்துவிட்டு. நான் வாசித்துச் சொல்கிறேன்.

படிவம்

இடையில் சுருக்கமாக ஒன்று. நான் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். துக்கத்தோடு காகிதமும் சேர்ந்தால் மனிதர்கள் உடைந்துபோவதை மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

சண்டையிலோ அதற்குச் சமமாகக் கருதப்படும் சூழ்நிலையிலோ இறந்தால் லிபரலைஸ்டு ஃபேமிலி பென்ஷன், அதாவது கடைசிச் சம்பளக் கணக்கு முழுவதும். பணி காரணமான விபத்து, நோய் என்றால் ஸ்பெஷல் ஃபேமிலி பென்ஷன், 60 சதவீதம். பணிக்குத் தொடர்பில்லை என்று எழுதிவிட்டால் சாதாரண வகை, 30 சதவீதம். எந்த வகையில் எழுதியிருக்கிறார்கள் என்று காகிதத்தைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் மேல்முறையீடு செய்யலாம். கல்யாணமும் பிள்ளை பிறந்ததும் பார்ட் டூ ஆர்டரில், அதாவது படைப்பிரிவின் பதிவு ஆணையில், ஏறியிருக்க வேண்டும். இது ஏறாமல் விட்டதால் ஒரு பெண் மூன்று வருடம் அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். சர்வீஸில் இருக்கிற தம்பிகள் யாராவது இதைப் படித்தால் இன்றைக்கே பாருங்கள். கல்யாணம் ஆனவர் என்றால் பென்ஷன் மனைவிக்குத்தான். இன்ஷூரன்ஸ், பிஎஃப் நாமினேஷனில் பெற்றோருக்கும் பங்கு எழுதி வைக்கலாம். உயிரோடு இருக்கும்போது அதை எழுதி வைத்துவிட்டால் மாமியாரும் மருமகளும் பிறகு முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள்.

இன்னொன்று, முதல் வருடம் யாருக்கும் கைமாத்து கொடுக்காதீர்கள். பதினாறாம் நாள் சாப்பாட்டில் உட்கார்ந்தே கடன் கேட்டவர்கள் உண்டு.

தும்பைப்பூ (திருமங்கலம்)

ஹவில்தார் ஐயா, காகிதம் கிடைத்தது. பென்ஷன் ஃபைலுக்குள் இருந்திருக்கிறது, நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. படம் போட்டிருக்கிறேன்.

ஓய்வு ஹவில்தார் (குன்னூர்)

வாசிக்கிறேன். சிவிலியன் பேண்ட் 3. சட்டை 4. ஸ்வெட்டர், கையால் பின்னியது, 1. துண்டு 2. ஷேவிங் செட் 1. கைக்கடிகாரம், ஓடவில்லை, 1. சின்ன முருகன் படம் 1. பர்ஸ், அதில் 340 ரூபாய். குழந்தையின் போட்டோ 2. டைரி 1. கலர் பென்சில் டப்பா, புதியது, பிரிக்காதது, 1. தேங்காய் எண்ணெய், பாதி, 1. கடைசி வரி: கண்ணாடி பாட்டில், காலி, கழுவியது, 1.

காலி பாட்டிலை யாரும் பட்டியலில் ஏற்ற மாட்டார்கள் தங்கச்சி. தூக்கிப் போட்டுவிடுவார்கள். இதை எழுதச் சொன்னவனுக்கு அது என்னவென்று தெரிந்திருக்கிறது.

கலா டீச்சர்

அம்மாவிடம் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.

தும்பைப்பூ (திருமங்கலம்)

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அன்று ராத்திரி அம்மாவிடம் பட்டியலை முழுக்க வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அப்புறம் ஒன்றும் பேசாமல் படுத்துவிட்டாள். காலையில், "விருதுநகருக்குப் போன் போடு, ஞாயித்துக்கெழம அவளயும் புள்ளையவும் வரச் சொல்லு" என்றாள்.

வந்தார்கள். அப்பா பெட்டியை முற்றத்துக்கு இழுத்து வந்தார். சாவியை அம்மா இடுப்பிலிருந்து எடுத்து மதினியிடம் கொடுத்தாள். திறந்ததும் முதலில் வந்தது வாசனைதான், ரசகற்பூர உருண்டையும் ஷூ பாலிஷும் கலந்த வாசனை. அண்ணன் லீவுக்கு வந்து பையைத் திறக்கும்போது வருமே, அதே வாசனை. மதினி அங்கேயே உட்கார்ந்து, சட்டைக்குள் முகத்தைப் புதைத்து அழுதார். அம்மாவும் கூட உட்கார்ந்து கட்டிப்பிடித்து அழுதாள். பக்கத்து வீட்டு ஆச்சி சத்தம் கேட்டு வந்தார். அவரும் உட்கார்ந்து ராகம் போட்டு அழ ஆரம்பித்தார். அதிகாரி யாரும் இல்லை, அடக்க ஆளில்லை. ஒரு மணி நேரம் இருக்கும்.

பாட்டில் ஸ்வெட்டருக்குள் சுற்றி வைத்திருந்தது. அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "வாசனையே இல்ல. பூராவும் தின்னுட்டுக் கழுவித்தான் வச்சிருக்கான்" என்றாள். அப்பாவிடம் அதையே சொன்னாள். சாயங்காலம் பால் ஊற்ற வந்தவரிடமும் சொன்னாள்.

கலர் பென்சில் டப்பாவைப் பையன் எடுத்துக்கொண்டான். டைரியும் கடிகாரமும் மதினிக்கு. அண்ணன் இறந்த நேரத்தில்தான் கடிகாரம் நின்றதோ என்று அப்பா கேட்டார், மதினி, "இல்லை மாமா, லீவுக்கு வந்தபோதே ஓடவில்லை, செல் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்" என்றார். பாட்டில் அம்மாவுக்கு. கொடியை மதினி கொண்டு வந்திருந்தார், கலா டீச்சர் எழுதியதைப் படித்திருக்கிறார். இந்தத் தீபாவளி வரைக்கும் எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மிச்சத் துணியெல்லாம் பெட்டியில்தான் இருக்கிறது. பெட்டி மறுபடியும் கட்டிலுக்கு அடியில். பூட்டு போடவில்லை.